காரின் உச்ச வேகம்

தெருவோரத்தில் உயர்ந்த விலையுள்ள புதிய கார் ஒன்று நிற்கிறது. அவ்வழியே பள்ளிக்குச் செல்லும் சிறுவன் என்ன செய்வான்? கண்ணாடியின்மீது இரு கைகளையும் குவித்து வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பான். அவன் பார்ப்பது மெத்தென்ற இருக்கைகளை அன்று. வேகமானியில் அச்சிட்டுள்ள கடைசி எண்ணை. '260' என்று கண்டதும் அவன் கண்கள் விரியும். தோழனைக் கூவி அழைத்துச் சொல்லுவான். சிறுவரை மட்டும் சொல்வானேன்? அடையாற்றிலும் தியாகராய நகரிலும் அத்தகைய வண்டிகளை விலை பேசும் பெரியவர்களும் அந்த எண்ணைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஆகவே, அந்த எண்ணுக்கு என்ன பொருள், ஒரு காரின் உச்ச வேகத்தை எது நிர்ணயிக்கிறது, அந்த வேகத்தில் வண்டி எவ்வாறு நடந்துகொள்கிறது என்பவற்றை இன்று பார்ப்போம்.

முதலில் ஒரு செய்தி. வேகமானியில் கடைசியாக உள்ள எண், அந்த வண்டி எட்டும் வேகம் அன்று. முள் நகர்வதற்கு இடம் வேண்டும். ஒரே வகை வேகமானி பல வண்டிகளில் பொருத்தப்படுவதும் உண்டு. மேலும், வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டலாகாது, சற்று மிகுத்துக் காட்டலாம் என்பது பல நாடுகள் ஏற்றுக்கொண்டுள்ள விதி. ஆகையால், முள் 100-இல் நிற்கும்போது வண்டி 95-இல் ஓடிக்கொண்டிருக்கலாம். உண்மையான உச்ச வேகத்தை அறிய வேறு முறை உண்டு. நீண்ட நேரான பாதையில், ஏறுவதும் இறங்குவதும் இல்லாத சமதளத்தில், ஒரு திசையில் ஓட்டி அளந்து, உடனே எதிர்த் திசையிலும் ஓட்டி அளந்து, இரண்டின் சராசரியைக் கொள்வார்கள். காற்று ஒரு திசையில் உதவி செய்தால் மறு திசையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் அல்லவா?

இனி, உச்ச வேகம் என்ற ஒன்று ஏன் இருக்கிறது என்று கேட்போம். இயந்திரம் ஓயாமல் உந்திக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் வண்டியின் வேகமும் ஓயாமல் கூடிக்கொண்டே போகவேண்டாமா? போவதில்லை. வண்டி முன்னேற முன்னேற அதைத் தடுக்கும் சக்திகளும் வளர்கின்றன. டயர் சாலையில் உருள்வதால் வரும் தடை ஒன்று. அது வேகத்தோடு அதிகம் மாறுவதில்லை. மற்றொன்று காற்றின் தடை. பகைவன் என்று சொல்லத்தக்கது இதுவே.

தீபாவளிக்கு முந்திய நாள் மாலை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் நடந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மெல்ல நடந்தால் கூட்டம் தானே சற்று விலகி வழி விடும். அதே கூட்டத்தினூடே ஓடிப் பாருங்கள். ஒரு விநாடியில் முன்னிலும் இரண்டு பங்கு ஆட்கள்மீது மோதுவீர்கள். ஒவ்வொருவரையும் இரண்டு பங்கு வேகத்தோடு விலக்கித் தள்ள வேண்டியும் இருக்கும். இரண்டும் இரண்டும் பெருகி நான்காகின்றன. அதாவது, வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகிறது. அந்த நான்கு மடங்குத் தடையை ஒவ்வொரு விநாடியிலும் இரு மடங்கு தூரத்துக்கு எதிர்த்துச் செல்லவேண்டியிருப்பதால், இயந்திரத்தின் ஆற்றல் எட்டு மடங்கு தேவைப்படுகிறது. காற்றைப் பொறுத்தவரை வேகம் இரண்டானால் விலை எட்டு. இதனை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் மாணவர்கள் ஆசிரியர் கணக்கில் பிழை செய்துவிட்டார் என்றே முதலில் எண்ணுவார்கள்.

ஒரு பெரிய செடான் காரை எடுத்துக்கொண்டு உத்தேசமாகக் கணக்கிட்டால், 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் செல்லச் சக்கரங்களில் ஏறக்குறைய 20 குதிரைச் சக்தி போதும். 200 கிலோமீட்டருக்கு 110 வேண்டும். 250 கிலோமீட்டருக்கோ 200 வேண்டும். கடைசி 50 கிலோமீட்டரைப் பெறுவதற்கு மட்டும் 90 குதிரைச் சக்தி! இயந்திரம் தரவல்ல ஆற்றலும் காற்று கேட்கும் ஆற்றலும் எந்த வேகத்தில் சமமாகின்றனவோ, அதுவே அந்த வண்டியின் உச்ச வேகம். அவ்வேகத்தை நெருங்க நெருங்க, மேலும் வேகம் கூட்ட மிச்சமாகும் ஆற்றல் குறைந்துகொண்டே வரும். அதனால் கடைசிப் பத்துக் கிலோமீட்டரை எட்டுவதற்கே மிக நீண்ட சாலை தேவைப்படும்.

இந்தக் கணக்கைச் சென்னை நகரமே ஒருமுறை பெரும் பொருட்செலவில் செய்து பார்த்திருக்கிறது. நகரின் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. 1948-இல் தோன்றிய அந்தக் கம்பெனி முதலில் வான்கார்டு காரையும், 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டையும், 1972 முதல் கெஸல் என்ற வண்டியையும் தயாரித்தது. மயிலாப்பூர் வக்கீல்கள் வீட்டு வாசலிலும் டாக்டர்கள் வீட்டு வாசலிலும் ஹெரால்டு நின்ற காலம் ஒன்று உண்டு. சென்னையில் பிறந்த கார் என்பதால் அதன்மீது நம்மவர்க்குத் தனிப் பற்றும் இருந்தது.

1985-இல் அந்தக் கம்பெனி 'ஸ்டாண்டர்டு 2000' என்ற சொகுசுக் காரை வெளியிட்டது. அதன் உடல் இங்கே வடிவமைக்கப்பட்டதன்று. இங்கிலாந்தில் 1976-இல் வெளிவந்த ரோவர் எஸ்.டி.1 என்ற காரின் உடல் அது. டேவிட் பாச் என்ற வடிவமைப்பாளர் தலைமையில் உருவான அந்த ரோவர், 1977-ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் கார் என்ற விருதைப் பெற்றது. தாழ்ந்த மூக்கும், பின்னோக்கிச் சரியும் முதுகுமாக அது நிற்கும்போதே ஓடுவதுபோல் தோன்றும். (அதன் பின்கதவு கூரையிலிருந்து மேல்நோக்கித் திறப்பதால் இலக்கணப்படி அதனைச் செடான் என்று சொல்லக்கூடாது என்பார் சிலர், வாங்கியவர்கள் அதைப் பெரிய செடான்களுக்குப் போட்டியாகத்தான் வாங்கினார்கள்.) அதன் உயர்ந்த ரகத்தில் எட்டு சிலிண்டர்களும் 155 குதிரைச் சக்தியும் கொண்ட 3.5 லிட்டர் எஞ்சின் இருந்தது. அவ்வண்டி மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடியது. இங்கிலாந்தின் நெடுஞ்சாலைகளில் காவல்துறையினர் அதை விரும்பி வைத்திருந்தனர்.

சென்னையில் அந்த உடலுக்குள் வைக்கப்பட்ட எஞ்சின் எது? பழைய வான்கார்டு எஞ்சினின் வழிவந்த, 1,991 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள, நான்கு சிலிண்டர் எஞ்சின். 83 குதிரைச் சக்தி. அதைச் செய்வதற்கான கருவிகள் தொழிற்சாலையில் முன்பே இருந்தன. வெளிநாட்டிலிருந்து புதிய எஞ்சினை வரவழைப்பது அந்நாளில் எளிதன்று. ஆகவே 1940-களில் பிறந்த எஞ்சின் 1970-களின் உடலுக்குள் குடிபுகுந்தது. நம் சாலைகளின் மேடு பள்ளங்களுக்காக வண்டியின் உடலும் தரையிலிருந்து சற்று உயர்த்தப்பட்டது.

இப்போது எட்டு மடங்குக் கணக்கைத் திருப்பிப் போடுவோம். 155 குதிரைச் சக்திக்கு 200 கிலோமீட்டர் என்றால் 83 குதிரைச் சக்திக்கு எவ்வளவு? ஆற்றல் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. ஆனால் வேகம் பாதியாவதில்லை. கனமூலம் கண்டால் 160 கிலோமீட்டர் சுமார் வருகிறது. இது தாராளமான கணக்கு. உடலை உயர்த்தியதால் அடியில் புகும் காற்று மிகுதி. உருளும் தடையை இதில் தனியாகக் கழிக்கவும் இல்லை. ஆகவே உண்மை வேகம் அதற்கும் கீழேதான். கேட்பவர்கள், "160-க்குச் சற்றுக் குறைவு என்றால்கூட நம் ஊருக்கு அது போதாதா?" என்பீர்கள். வேகத்துக்குப் போதும். ஆனால் குறை உச்ச வேகத்தில் வெளிப்படவில்லை. முந்திச் செல்வதில் வெளிப்பட்டது. 80-இல் செல்லும் வண்டி ஒரு லாரியை முந்த வேண்டுமானால், 80-இல் செல்வதற்குத் தேவையானது போக மிச்சமுள்ள ஆற்றல்தான் அதற்கு உதவும். கனமான உடலை இழுத்துக்கொண்டு செல்லும் பழைய எஞ்சினில் அந்த மிச்சம் சிறிதே. பெயரளவில் உச்ச வேகத்தை யாரும் தொடுவதில்லை. மிச்சத்தைத்தான் நாள்தோறும் செலவழிக்கிறோம். ஒரு வண்டியின் உயர்வேகத் திறமை என்று அறிந்தவர்கள் சொல்வது இந்த மிச்சத்தையே.

1988 அளவில் அதன் உற்பத்தி நின்றது. ஜப்பானிய எஞ்சின்கள் கொண்ட சிறிய கார்கள் அதற்கு முன்பே நாட்டில் பரவத் தொடங்கியிருந்தன. மாருதி 1983-இல் வந்துவிட்டது. சென்னையின் பெயர் சொல்ல இருந்த கார்த் தொழிற்சாலை அத்துடன் மூடுவிழாக் கண்டது. அங்கே பணிபுரிந்த தொழிலாளர் குடும்பங்கள் பட்ட துன்பத்தைத் தாம்பரம் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். எஞ்சின் ஒன்று மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உடல் ஒரு வாக்குக் கொடுத்து, எஞ்சின் அதை நிறைவேற்ற இயலாமற்போன வண்டியை மக்கள் நீண்ட நாள் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள். வங்காளத்தில் 1984-இல் பிறந்த கான்டெஸாவுக்கும் இதே நோய்தான். பெரிய உடல், அம்பாஸடர் காரின் சிறிய எஞ்சின். பின்னாளில் இசுஸு எஞ்சின் கிடைத்ததால் அது பிழைத்துக்கொண்டது.

ஆயினும் பழைய எஞ்சினை இகழ்ந்துவிட வேண்டாம். அதே வான்கார்டு குடும்பத்து 1,991 கன சென்டிமீட்டர் எஞ்சின்தான் ட்ரையம்ப் டி.ஆர்.2 என்ற சிறிய விளையாட்டுக் காரில் இருந்தது. 1953 மே மாதத்தில் பெல்ஜியத்தில் ஜாபெக் என்ற இடத்து நேர்ச்சாலையில் கென் ரிச்சர்ட்ஸன் அதை ஓட்டி, மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொட்டார். அது கடையில் வாங்கும் நிலையில் இருந்த வண்டி அன்று. காற்றுத் தடையைக் குறைக்க அடிப்பக்கம் தகட்டால் மூடப்பட்டிருந்தது. இருந்தாலும் எண்ணிப் பாருங்கள். ஒரே குடும்பத்து எஞ்சின். ஒன்று 200, மற்றொன்று அதில் நான்கில் மூன்று பங்குக்கே திணறியது. வேற்றுமை எங்கே? சிறிய காரின் முகப்பு குறுகியது, தாழ்ந்தது, ஒருவர் அமர்ந்தால் போதும். ரங்கநாதன் தெருவில் பெட்டி படுக்கையோடு ஓடுபவனுக்கும், உடலை ஒடுக்கிக்கொண்டு ஓடும் பையனுக்கும் உள்ள வேற்றுமைதான்.

கியர் என்பதும் இங்கே தன் பங்கைக் கேட்கிறது. மேல் கியர் மிகச் சிறிதாக அமைந்தால், காற்றை வெல்லும் ஆற்றல் இருந்தும் எஞ்சின் சுழலக்கூடிய எல்லையை முன்னரே எட்டிவிடும். மிகப் பெரிதாக அமைந்தால், சைக்கிளில் பெரிய பற்சக்கரத்தை மிதிக்க மாட்டாமல் திணறுவதுபோல எஞ்சின் தன் முழு ஆற்றலைக் காட்டும் நிலைக்கே வராது.

அதைவிட முக்கியமானது டயர். சக்கரம் ஒருமுறை சுழன்றால் வண்டி சுமார் 2 மீட்டர் செல்லும். 200 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்கு ஏறத்தாழ 28 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் டயரின் ஒரு பகுதி தரையில் பட்டு நசுங்கி, மீண்டும் பழைய வடிவம் பெறவேண்டும். மிகுந்த வேகத்தில் அது வடிவம் திரும்புமுன்பே மறுபடியும் தரையைத் தொட்டுவிடுகிறது. அப்போது டயரின் மேற்புறத்தில் அலை எழும், வெப்பம் ஏறும், சிறிது நேரத்தில் டயர் கிழிந்து சிதறும். காற்றுக் குறைவாக இருந்தால் இந்நிலை இன்னும் விரைவில் வரும். இதற்காகவே ஒவ்வொரு டயரின் பக்கத்திலும் ஓர் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்து வரிசையில் 'எஸ்' என்றால் 180, 'டி' என்றால் 190, 'எச்' என்றால் 210, 'வி' என்றால் 240 கிலோமீட்டர் வரை அந்த டயர் தாங்கும். வேகமானியின் கடைசி எண்ணைப் படிக்கும் நண்பர்கள் குனிந்து இந்த எழுத்தையும் படித்தால் நன்று. பழைய டயரை மாற்றும்போது மலிவுக்காக ஒரு படி குறைந்த எழுத்தை வாங்கிப் போடுகிறவர்கள், வண்டியின் உச்ச வேகத்தைத் தாங்களே குறைத்துவிட்டதை அறிவதில்லை.

இக்காலத்து ஜெர்மானியச் செடான்களுக்கு ஆற்றல் பஞ்சம் இல்லை. நம் நகரின் தெற்கே மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 மார்ச் முதல் பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை இயங்குகிறது. 5, 7 என்ற வரிசைகளைச் சேர்ந்த பெரிய செடான்களும் அங்கே கோக்கப்பட்டு வந்திருக்கின்றன. ஸ்டாண்டர்டு தொழிற்சாலை இருந்த இடத்திலிருந்து அதே ஜி.எஸ்.டி. சாலையில் மேலும் தெற்கே சென்றால் அது வருகிறது. இவ்வகை வண்டிகளில் ஆற்றல் மிக்கவை 250 கிலோமீட்டர் வரை ஓடும், அதற்குமேல் ஓடா. எஞ்சினால் முடியாமல் அன்று; மின்னணுக் கருவி ஒன்று அங்கே கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் ஜெர்மானிய உற்பத்தியாளர்கள் தமக்குள் செய்துகொண்ட எழுதாத உடன்பாட்டின் விளைவு இது. ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் பல பகுதிகளுக்கு வேக வரம்பே இல்லை. போட்டி முற்றினால் அரசாங்கம் வரம்பு விதித்துவிடும் என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. ஆற்றலில் ஸ்டாண்டர்டு 2000-க்கு நேர்மாறான நிலை. அங்கே உடல் கேட்டதை எஞ்சின் தரவில்லை. இங்கே எஞ்சின் தருவதை மனிதர்களே வேண்டாம் என்கிறார்கள்.

ஓட்டுவதைப் பேசினோம், நிறுத்துவதைப் பேசவில்லை. உயர்வேகத் திறமையில் பாதி அதுதான். நான் ஆசிரியனாக இருந்தவன். கோபுரத்தைக் காட்டிச் சொல்வது எனக்கு எளிது. மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் கீழைக் கோபுரம் ஏறக்குறைய 120 அடி உயரம். அதன் உச்சியிலிருந்து ஒரு பொருள் விழுந்தால் தரையைத் தொடும்போது மணிக்கு 96 கிலோமீட்டர் வேகம் பெற்றிருக்கும். அதாவது, 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், அந்தக் கோபுரத்தைவிடச் சற்று உயரத்திலிருந்து விழும் காரைப் போன்றது. அண்ணா சாலையில் 1959-இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி. அங்கிருந்து விழுந்தால் 117 கிலோமீட்டர். 200 கிலோமீட்டருக்கோ எல்.ஐ.சி. கட்டடங்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும்.

அத்தனை சக்தியையும் பிரேக்குகள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். 1,600 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டரிலிருந்து நிற்கும்போது எழும் வெப்பம், முக்கால் லிட்டர்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். ஒரு வீட்டுக் காப்பிக்குப் போதும். 200 கிலோமீட்டரிலிருந்து நின்றால் எட்டு லிட்டருக்கு மேல். காற்றும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் என்றாலும், பந்திக்கே காப்பி போடலாம். அந்த வெப்பம் சில விநாடிகளில், நான்கு சிறிய வட்டத் தகடுகளில் எழுகிறது. ஆகவேதான் வேகமான செடான்களின் பிரேக் தகடுகள் பெரியனவாகவும், உள்ளே காற்றுப் புகும் துளைகள் உடையனவாகவும் இருக்கின்றன. இத்தனைக்கும் மேலாக, மிகுந்த வேகத்தில் காரின் முதுகின்மேல் ஓடும் காற்று அதை மெல்ல மேலே தூக்கப் பார்க்கும். சக்கரங்கள் சாலையை அழுத்திப் பிடிப்பது குறையும். திருப்பும் சக்கரம் கையில் இலேசாகிவிடும். ஓட்டுபவர் அதைச் சுகம் என்று எண்ணுவதும் உண்டு.

நல்ல சாலை, உலர்ந்த தரை, நல்ல டயர், விழிப்பான ஓட்டுநர் என்று எல்லாவற்றையும் சாதகமாகவே வைத்துக்கொள்வோம். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகும். 60 கிலோமீட்டரில் அந்த ஒரு விநாடியில் வண்டி 17 மீட்டர் சென்றுவிடும். பின்னர் நிற்க 20 மீட்டர். ஆக 37 மீட்டர்; கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளம். 120 கிலோமீட்டரில் 110 மீட்டருக்கு மேல். 200 கிலோமீட்டரில் 275 மீட்டர். மயிலைத் தெப்பக்குளத்தின் ஒரு கரை முடிந்து, மூலை திரும்பினாலும் நில்லாது. மழை பெய்த சாலையில் இவை இன்னும் நீளும்.

இந்த வானொலி நிலையத்தின் வாசலில் ஓடும் காமராஜர் சாலைதான் நம் நகரில் நெடுந்தூரம் நேராகச் செல்வது. விடியற்காலையில் அதைக் காணும் இளைஞர் சிலருக்குக் கால் துறுதுறுப்பதுண்டு. வேகத்தைப் பார்க்க ஆசை உள்ளவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை இருக்கிறது. முன்பு சோழவரத்துப் பழைய விமானத் தளம் இருந்தது. 2024 ஆகஸ்டு இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி நகரச் சாலையையே தடுப்புகளால் அடைத்து இரவுப் பந்தயம் நடத்தினார்கள். அங்கெல்லாம் எதிரே பால்காரரின் சைக்கிள் வராது.

நகரத் தெருக்களுக்கு 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்த வரம்பு, கார்களுக்கு 60 கிலோமீட்டர். குடியிருப்புப் பகுதிகளில் எவ்வகை வண்டிக்கும் 30. இந்த 30 மிகக் குறைவு என்று குறைபடுவோர் உண்டு. அதற்கும் கணக்குப் போட்டுவிடுவோம். விழித்துக்கொள்ள 8 மீட்டர், நிற்க 5 மீட்டர். மாட வீதிக்குப் பின்னுள்ள குறுந்தெரு ஒன்றில், நான்கு வீட்டு வாசல்களுக்கு அப்பால், பந்தைத் துரத்திக்கொண்டு இறங்கும் குழந்தைக்கு முன்பாக, எத்தனை குதிரைச் சக்தி உள்ள காராயினும் இந்த 13 மீட்டரில் நின்றுவிடும். 60-இல் வந்தால் அதே இடத்தில் ஓட்டுநரின் கால் பிரேக்கின்மேல் அப்போதும் பட்டிராது.